பாரம்பரிய உணவும் நம் நெஞ்சும்



சென்ற தீபாவளிக்குச் சுங்கை சிப்புட்டில் வாழும் அம்மாவைக் காணச் சென்றிருந்தேன். அலமாரியில் கொலஸ்ட்ரால் மாத்திரைகள் பிரிக்கப்படாமலேயே குவிந்து கிடந்தன. காரணம் கேட்டேன். "பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, தேன் எல்லாம் கலந்து குடிக்கிறேன் தம்பி. நம்ம வைத்தியம். மாத்திரை கிட்னியைக் கெடுத்திடும்னு சொல்றாங்க" என்றார். யாரோ புலனத்தில் அனுப்பிய செய்தியாம். என் தந்தையார் 58 வயதில் மாரடைப்பால் மறைந்தவர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நம் பாரம்பரிய உணவு நெஞ்சுக்கு நல்லதா, கெட்டதா? இரண்டும் அதில் உண்டு என்பதே நேர்மையான விடை.

அம்மா பால்மரம் சீவிய காலத்தில், விடியுமுன்னே நிரைக்குப் போய்விடுவார். வீட்டில் பருப்பு, வேலியோரத்து முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்; வாங்கப் பணமில்லை. அது பொற்காலமன்று. சத்துக்குறைவும் கள்ளுக்கடையும் அங்கேதான் இருந்தன. ஆயினும் உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. பின்னர் இரப்பர் மரங்கள் வீழ்ந்தன, செம்பனை எழுந்தது. நம்மவர் பலர் ஈப்போவைச் சுற்றியுள்ள வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். உழைப்பு குறைந்தது; சோறு குறையவில்லை. கீரை போயிற்று, எண்ணெய் பெருகிற்று.

பருப்பு, கடலை, வெண்டைக்காய், வெந்தயம் ஆகியவற்றில் கரையும் நார்ச்சத்து உண்டு. அது குடலில் பித்த அமிலங்களைப் பற்றி வெளியேற்றுகிறது. அவற்றை மீண்டும் உண்டாக்க, கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. தேங்காய்ப்பால், நெய் ஆகியவற்றின் நிறைவுற்ற கொழுப்போ, கெட்ட கொழுப்பை அகற்றும் கல்லீரலின் ஆற்றலைக் குறைக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும், செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதியும் இத்தகைய கொழுப்பே. "கொலஸ்ட்ரால் இல்லை" என்று புட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டா. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் இராது.

பானங்களும் அவ்வாறே. ஈப்போவின் புகழ்பெற்ற வெள்ளைக் காப்பி, செம்பனை மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையில் கெட்டிப்பால் கலந்து தருவது. தே தாரேக்கிலும் கெட்டிப்பால்தான். இவை நாள்தோறும் மும்முறை குடிப்பதற்குரியவை அல்ல. மோரும் சீரகத் தண்ணீரும் மருந்தல்ல. சர்க்கரையும் கெட்டிப்பாலும் அவற்றில் இல்லை என்பதே அவற்றின் சிறப்பு.

2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் மிகுதி. 2019ஆம் ஆண்டு ஆய்வில், இந்தியரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்புநீர். இனிப்புநீரும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தால் நெஞ்சுக்கு இரட்டைச் சுமை.

பூண்டு கொலஸ்ட்ராலைச் சிறிதளவு குறைக்கலாம். மருத்துவர் தரும் ஸ்டாட்டின் மாத்திரையோ கெட்ட கொழுப்பை 30 விழுக்காட்டுக்கு மேலும் குறைக்க வல்லது. தசைவலி போன்ற தொல்லை வந்தால் மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ளலாம். நாமாக நிறுத்துவது ஆபத்து. பாரம்பரியத்தின் மீதுள்ள பற்று, நம் பெற்றோரின் உயிருக்கு உலை வைத்துவிடக் கூடாது.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பொரித்த பலகாரத்துக்கும் இனிப்புத் தேநீருக்கும் மாற்றாகச் சுண்டலும் பழமும் வைத்துப் பாருங்கள். நலக்கல்விப் பாடத்தில் உணவுக் கூம்பகத்தை வரையச் சொல்வதோடு நில்லாமல், "தாத்தா பாட்டி இன்று மருந்து சாப்பிட்டார்களா?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். பெற்றோர்களே, தட்டில் பாதியைக் காய்கறிக்கும் பழத்துக்கும் ஒதுக்குங்கள். எஞ்சிய பாதியில் சோறு கால் பங்கு, மீனோ பருப்போ கால் பங்கு போதும்.

அம்மா இப்பொழுது இரவுதோறும் மாத்திரையை விழுங்குகிறார். பூண்டுச் சாற்றையும் விட்டபாடில்லை. நானும் தடுக்கவில்லை, தேனை மட்டும் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.