துண்டு துண்டாக வேண்டாம், சைக்கிள் பாதை

இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்னையின் பல சாலைகளில் சுக்கு காபி சைக்கிள்களைப் பார்க்கலாம். பின் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய எவர்சில்வர் கேன், ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் காகிதக் கப்புகள். காபிக்காரர் சாலையின் இடது ஓரத்தையே பிடித்துக்கொண்டு மிதிப்பார். அந்த ஓரத்தில்தான் கார்கள் வரிசையாக நிற்கும். மழைநீர் வடிகாலின் மூடி பள்ளமாக இறங்கியிருக்கும். பேருந்தும் நிறுத்தத்துக்காக அங்கேதான் ஒதுங்கும். ஒவ்வொரு தடைக்கும் அவர் நடுச்சாலைப் பக்கம் விலகியாக வேண்டும். விலகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறும்.

சைக்கிள் பாதை என்றதும் ஹெல்மெட் அணிந்து ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) பறப்பவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் பாதை வேண்டும், மறுப்பில்லை. ஆனால் இந்த நகரத்தில் தினமும் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் பேப்பர் போடும் இளைஞர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காவலாளிகள், கட்டடத் தொழிலாளர்கள், அரசுப் பள்ளி மாணவர்கள். சாலையில் மிகக் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் இவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

1970இல் சென்னையில் நடந்த பயணங்களில் ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008இல் எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வின்போது அது 6 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. இத்தனைக்கும் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை கண்ட ஊர் இது. தமிழக அரசு 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005இல் அதை மற்ற மாணவர்களுக்கும் விரிவுபடுத்தியது. இன்றும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்கள் பிளஸ் 1 மாணவர்களின் கைக்குப் போகின்றன. வண்டியைக் கொடுக்கும் அரசு, அதைப் பயமில்லாமல் ஓட்டிச் செல்ல வழியையும் கொடுக்க வேண்டாமா?

கொள்கைக்குப் பஞ்சமில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென சென்னை மாநகராட்சி 2014இலேயே தனிக் கொள்கை வகுத்தது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் என்றது அது. அதன் பலனாகச் சில சாலைகளில் நல்ல நடைபாதைகள் வந்தன. 2019இல் பாண்டி பஜார் கடைவீதி நடப்போருக்கு ஏற்றதாக உருமாறியது. ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கோ வேலைக்கோ சைக்கிளில் கிளம்புபவர், பாதை அறுபடாமல் போய்ச் சேரும் நிலை இன்றுவரை வரவில்லை. தெருவுக்கு இரண்டு குழாய் பதித்துவிட்டு நடுவில் இணைக்காமல் போனால் எந்த வீட்டுக்கும் தண்ணீர் வராது. சைக்கிள் பாதையும் அப்படித்தான்.

பெங்களூரு இதை அனுபவித்துப் பார்த்தது. 2020இல் வெளிவட்டச் சாலையில் பிளாஸ்டிக் கம்பங்களை நட்டுச் சைக்கிளுக்குத் தடம் ஒதுக்கினார்கள். கம்பங்கள் உடைந்தன, பைக்குகள் உள்ளே புகுந்தன, தடம் நிலைக்கவில்லை. பெயின்ட் கோடும் பிளாஸ்டிக் கம்பமும் நம் ஊர்ப் போக்குவரத்தைத் தடுத்து நிறுத்தாது.

ஸ்பெயினின் செவில்லா நகரம் வேறு விதமாகச் செய்தது. ஏழு லட்சம் பேர் வாழும் சமதளமான ஊர். சுமார் 12 கிலோமீட்டர் பாதைகள் அங்கங்கே துண்டாகக் கிடந்தன, சைக்கிளில் போவோர் சொற்பம். 2006, 2007 ஆண்டுகளில் நகராட்சி ஒரே மூச்சில் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குப் பாதை போட்டு, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தது. கார் நிறுத்தும் வரிசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சாலை மட்டத்திலிருந்து நடைபாதை அளவுக்கு உயர்த்தி, இரு திசையிலும் செல்லும்படி அமைத்து, பச்சை வண்ணம் பூசினார்கள். சுமார் 5,000 கார்கள் நிறுத்தும் இடம் இதனால் போனது. மொத்தச் செலவு ஏறத்தாழ 3.2 கோடி யூரோ. நாளொன்றுக்கு ஆறாயிரத்துச் சொச்சமாக இருந்த சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் 70,000-ஐத் தாண்டின. 2011க்குப் பிறகு விரிவாக்கம் தளர்ந்தபோது எண்ணிக்கையும் சற்று இறங்கியது. போட்ட பாதையைப் பராமரித்து நீட்டிக்கொண்டே போக வேண்டும் என்பதும் அங்கிருந்தே கிடைக்கும் பாடம்.

'நம் வெயிலுக்குச் சரிப்படாது' என்பது இங்கே முதலில் எழும் ஆட்சேபம். செவில்லாவில் ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. அதே வெயிலில்தான் நம் ஊரிலும் இன்று பல ஆயிரம் பேர் மிதிக்கிறார்கள். பாதையோரம் மரம் வைப்பதுதான் அதற்குப் பதில், பாதையே வேண்டாம் என்பதல்ல. 'சாலையில் இடம் இல்லை' என்பது அடுத்தது. நூறடிச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் இடம் இருக்கிறது. அதை நின்றுகொண்டிருக்கும் கார்களுக்கு இலவசமாகக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இப்போது சென்னைக்கு அரிய வாய்ப்பு ஒன்று வந்திருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி 118.9 கிலோமீட்டருக்கு நடக்கிறது. ஆற்காடு சாலை, பழைய மாமல்லபுரம் சாலை எனப் பெரிய சாலைகள் பலவற்றில் பள்ளம் தோண்டியும் தடுப்பு வைத்தும் வேலை நடந்திருக்கிறது. பணி முடிந்ததும் இந்தச் சாலைகளை எப்படியும் திரும்பப் போட்டாக வேண்டும். பழையபடியே போட்டால் இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு யாரும் தொடமாட்டார்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் விளிம்பு கட்டிப் பிரித்த சைக்கிள் பாதையோடு போட்டால், ஒவ்வொரு ரயில் நிலையமும் சுற்றுவட்டார மக்கள் சைக்கிளில் வந்து ரயில் ஏறும் இடமாக மாறும்.

சாலையை விட்டு விலகிய பாதைக்கும் சென்னையில் இடம் உண்டு. 1877-78 பஞ்ச காலத்தில், நிவாரண வேலையாகக் கூலியாட்களை வைத்து கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டியதுதான் நகருக்குள் ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய். அதை ஒட்டியே மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை பறக்கும் ரயில் போகிறது. அதற்குத் தெற்கே ஈ.சி.ஆருக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவில் கால்வாய் நீள்கிறது. கரையோரம் இடம் கிடைக்கும் இடங்களில் எல்லாம் பாதை போட்டு, மற்ற இடங்களில் பக்கத்துத் தெருக்கள் வழியாக இணைத்தால், சிக்னலுக்கும் லாரிக்கும் பயப்படாமல் ஒரு பள்ளி மாணவி தெற்கு வடக்காகப் போய்வரலாம். ஆனால் பாதையைக் காரணம் காட்டிக் கரையோரக் குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பக் கூடாது. சைக்கிளில் வேலைக்குப் போகும் மக்களே அங்கு வாழ்கிறார்கள். அவர்களைத் துரத்திவிட்டுப் பாதை போட்டால், அது யாருக்கான பாதை?

மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, மெட்ரோ நிறுவனம், போக்குவரத்துக் காவல் துறை என ஒரே சாலைக்குப் பல பொறுப்பாளர்கள் இருப்பதால்தான் பாதைகள் பாதியில் நிற்கின்றன. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கவே 'கும்டா' என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இல் சட்டம் வந்தது. எந்தச் சாலையில் எவ்வளவு அகலத்தில் பாதை, எந்த நிலையத்தோடு எந்தப் பள்ளி இணைகிறது, எப்போது வேலை முடியும் என்று காட்டும் ஒரே வரைபடத்தைக் கும்டா வெளியிட வேண்டும். மெட்ரோ சாலைகளைத் திரும்பப் போடும் ஒப்பந்தங்களில் சைக்கிள் பாதையைக் கட்டாயமாக்க வேண்டும். முதல் கட்டமாக, இணைப்பு அறுபடாத 80 கிலோமீட்டரை இலக்காக வைக்கட்டும். செவில்லாவுக்கு முடிந்தது அதைவிடப் பன்மடங்கு பெரிய சென்னைக்கும் முடியும்.