ரொக்கத்தின் மேல் போட்ட பழி

ரொக்கம் ஒழிந்தால் கறுப்புப் பணமும் ஒழியும் என்று படித்தவர்களே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதை நாடு ஒருமுறை சோதித்தே பார்த்துவிட்டது. 2016 நவம்பர் 8 இரவு செல்லாதவையாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியே கணக்குக் காட்டியது. அன்று சுமார் 18 லட்சம் கோடியாக இருந்த நோட்டுப் புழக்கம், யுபிஐ தெருத்தெருவாகப் பரவிய பிறகும் குறையவில்லை. 2025 மார்ச்சில் அது 36 லட்சம் கோடியைத் தாண்டியது.

மனை விற்பனையில் கணக்கில் வராத பங்கு ரொக்கமாகத்தானே கைமாறுகிறது என்பார்கள். உண்மைதான். அதைப் பிடிக்க வேண்டிய இடம் பத்திரப்பதிவு அலுவலகம், இட்லிக்கடை அல்ல.

ஆனால் சிக்கியது யார்? 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரியிடம் 29 லட்சம் ரூபாய் கேட்டார்கள். காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! பெங்களூருக் கடைகளில் கியூஆர் அட்டைகள் இறங்கி, ‘ரொக்கம் மட்டும்’ என்ற பலகைகள் ஏறிய பிறகே அரசு பின்வாங்கியது. அந்தக் கடைக்காரர்களுக்குத் திரும்பிப் போக ரொக்கம் இருந்தது. அது இல்லாத ஊரில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

யுபிஐ இலவசம் என்பதும் அரைகுறை உண்மை. 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் வாங்குவதில்லை, சரி. வங்கிகளின் செலவை ஓரளவு ஈடுகட்ட, 2024-25க்கு மட்டும் 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை மத்திய அரசு அறிவித்தது. அது மக்களின் வரிப்பணம். யுபிஐ பரிவர்த்தனைகளில் சுமார் 80 சதவீதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாக நடக்கின்றன. நாளை கட்டணம் வந்தால், ‘வேண்டாம், நோட்டாகக் கொடுங்கள்’ என்று சொல்ல முடிகிற வரைதான் சிறு வியாபாரிக்குப் பேரம் பேசும் பலம்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் மின்சாரமும் தொலைபேசியும் போய், அட்டை தேய்க்கும் இயந்திரங்கள் முடங்கின. கையில் நோட்டும் இல்லை. அந்தத் தவிப்பை இவ்வளவு சீக்கிரம் மறக்கலாமா? ரொக்கத்தை ஏறக்குறைய கைவிட்ட சுவீடனே, பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையை நிறுத்தக்கூடாது என்று 2020இல் சட்டம் கொண்டுவந்தது. நெருக்கடிக்கென ரொக்கம் வைத்திருக்கச் சொல்லி 2024இல் வீடுதோறும் கையேடும் அனுப்பியது.

ரொக்கம் கொடுப்பவரை எவரும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற தெளிவான விதி இங்கே வேண்டும். அரசு அலுவலகக் கவுன்ட்டர்களிலிருந்தே அதைத் தொடங்கட்டும்.