தேனில் இரும்புச்சத்து எவ்வளவு?

"கறுத்த தேன்ல இரும்புச்சத்து அதிகம், ரத்தம் ஊறும்" என்று சொல்லித்தான் பல இடங்களில் மலைத்தேன் விற்கிறார்கள். இதில் பாதி உண்மை. நிறம் அடர்ந்த தேனில் தாதுக்கள் கூடுதலாக இருப்பது சரிதான். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் ஏமாந்துபோகிறோம்.

100 கிராம் தேனில் 82 கிராம் சர்க்கரை, 17 கிராம் தண்ணீர். மிச்சமிருக்கும் சொச்சத்தில்தான் புரதம், அமிலங்கள், மகரந்தம், தாதுக்கள் எல்லாமே அடங்க வேண்டும். அதில் பொட்டாசியம் சுமார் 50 மில்லிகிராம், கால்சியம் 6, இரும்பு அரை மில்லிகிராமுக்கும் கீழே. பூவின் மது என்பது செடி சுரக்கும் சர்க்கரைத் தண்ணீர். தேனீ அதன் ஈரத்தைச் சிறகால் விசிறி வற்றவைத்து, சர்க்கரையைத் தன் நொதியால் உடைத்து வைக்கிறது. தாது சேர்ப்பது அதன் வேலை அல்ல. செடி வேரால் உறிஞ்சியதில் துளி மதுவோடு வருகிறது, அவ்வளவுதான். குமரி மாவட்டத்து ரப்பர் தேன் பூவிலிருந்துகூட வருவதில்லை. இளம் இலைக்காம்பில் சுரக்கும் மதுவிலிருந்து வருகிறது. செடியும் மண்ணும் மாறினால் தேனின் நிறமும் மணமும் தாது அளவும் மாறும்.

ஒரு தேக்கரண்டி தேன் ஏறக்குறைய 7 கிராம். அதில் இரும்பு 0.03 மில்லிகிராம். நம் நாட்டில் வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். தேனிலிருந்தே அதைப் பெற வேண்டுமானால் தினமும் ஏழு கிலோ குடிக்க வேண்டும்! அதே 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்பு 4 மில்லிகிராமுக்கு மேல்; கேழ்வரகில் கால்சியம் 300 மில்லிகிராமைத் தாண்டும். ரத்தசோகை உள்ள பெண்ணுக்குக் கீரையும் மருத்துவர் தரும் மாத்திரையும்தான் வழி. தேனை நம்பி அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரைக்குப் பதில் தேன் என்பவர்களும் கரண்டியைக் கவனிக்க வேண்டும். தேன் கனமானது, ஒரு கரண்டி சர்க்கரையில் 16 கலோரி என்றால் தேனில் 21. நீரிழிவுக்காரர்களுக்கு இரண்டும் சர்க்கரைக் கணக்குதான்.

இதனால் தேன் மட்டமாகிவிடவில்லை. இருமலில் தொண்டைக்கு இதம் தரும், ஆண்டுக்கணக்கில் கெடாது, அந்த மணம் வேறு எதிலும் வராது. உணவாக, சுவைக்காக, அளவோடு சாப்பிட அருமையான பொருள்.

பச்சைக்குழந்தை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு சேனை வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. தேனில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. நமக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து, நஞ்சு சுரந்து, மூச்சுத் தசையையே தளர்த்திவிடும். வீட்டுப் பெரியவர்கள் ஆசையாகக் கேட்டாலும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம்.