கிண்டி ரேஸ்கோர்ஸில் 118 ஏக்கர் பூங்கா: முதல்ல குளம், அப்புறம்தான் ஃபவுண்டன்!

கிண்டியையும் வேளச்சேரியையும் ஒட்டி 'ஃபைவ் பர்லாங் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. பர்லாங் என்பது குதிரைப் பந்தய தூரத்தை அளக்கும் கணக்கு. ஆனா வேளச்சேரிக்காரங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டதும் குதிரை ஞாபகம் வராது, முழங்கால் தண்ணிதான் வரும். இந்த ரோட்டுக்கும் பக்கத்தில் வரப்போகும் பூங்காவுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கு.

முதலில் நிலத்தின் கதை. 1945-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு கிண்டியில் 160 ஏக்கருக்கும் அதிகமான அரசு நிலம் 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. வருட வாடகை 614 ரூபாய் சொச்சம். மாத வாடகை இல்லைங்க, வருஷத்துக்கே அவ்வளவுதான்! வாடகையை உயர்த்தியதில் தகராறு, பாக்கி 730 கோடி ரூபாய் என்றது அரசு. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து நிலத்துக்கு சீல் வைத்தது. கிளப் நீதிமன்றம் போனது. அந்தச் சட்டப் போராட்டம் தனிக்கதை. அடுத்த மாதமே அதில் 118 ஏக்கர், பொதுப் பூங்கா அமைக்க தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கப்பட்டது.

அதே சமயத்தில் பசுமைத் தீர்ப்பாயம் வேறொரு கோணத்தில் பேசியது. வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்க இந்த இடத்தை நீர்நிலையாகப் பயன்படுத்தலாமே என்றது. மாநகராட்சியும் அங்கே குளங்கள் வெட்டியது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 118 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் சுமார் 4.8 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பிடித்தால் கிட்டத்தட்ட 4,000 லாரி. மண்ணும் குளமும் இருந்தால் இதில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். அதே இடத்தில் கார் பார்க்கிங், டைல்ஸ் பதித்த நடைபாதை, ஃபுட் கோர்ட் என்று சிமென்ட் பரப்பிக்கொண்டே போனால் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது வேளச்சேரிக்குத் தெரியும். 'பூங்கா' என்று போர்டு மாட்டிவிட்டால் மட்டும் நிலம் தண்ணீர் குடித்துவிடாது.

சரி, பூங்கா வந்தால் உள்ளே யார் போகலாம்? இதைப் பெரும்பாலும் திறப்பு விழா முடிந்த பிறகுதான் கேட்கிறோம். சென்னையிலேயே ரெண்டு உதாரணம் இருக்கு.

ஒன்று, அடையாறு முகத்துவாரத்தை மீட்டு 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா. 58 ஏக்கர். சதுப்பு நிலம், பறவைகள், மரங்கள் என்று சூழலியல் ரீதியாக அருமையான வேலை. ஆனால் பல வருடங்கள் முன்பதிவு செய்துதான் உள்ளே போக முடிந்தது. பட்டினப்பாக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்குக்கூட அது ஸ்கூல் டூர் போகும் இடம்.

இன்னொன்று, 2024 அக்டோபரில் கதீட்ரல் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. ஆறு ஏக்கர், சுமார் 46 கோடி ரூபாய். ஜிப்லைன், பறவையகம், இசை நீரூற்று எல்லாம் உண்டு. திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100, சிறுவர்களுக்கு 50. அப்பா, அம்மா, ரெண்டு பசங்க என்றால் கேட்டைத் தாண்டவே 300 ரூபாய். ஜிப்லைனுக்கு தனியாக 250. தினக்கூலி வாங்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே போவாரா, மெரினாவுக்குப் போவாரா?

முதல் பூங்காவில் இயற்கை இருந்தது, மக்கள் கம்மி. ரெண்டாவதில் மக்கள் வந்தார்கள், ஆனா காசு இருந்தால்தான். கிண்டி இந்த ரெண்டில் எதையும் காப்பி அடிக்கத் தேவையில்லை. இடம் கொஞ்ச நஞ்சமல்ல. கதீட்ரல் சாலைப் பூங்காவைப் போல 19 மடங்கு. குளத்துக்கும் மரத்துக்கும் பெரும்பகுதியை விட்டுவிட்டு, மிச்சத்தில் நடைபாதை, விளையாட்டுத் திடல், நிழலில் பெஞ்ச் போடலாம். பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா இருப்பதால் ராத்திரி முழுக்க லேசர் ஷோ, ஸ்பீக்கர் எல்லாம் வேண்டவே வேண்டாம். மான்களுக்கும் தூக்கம் வரணும்ல?

நுழைவு இலவசமாக இருக்கணும். பராமரிப்புக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். மாநகராட்சியின் நூற்றுக்கணக்கான பூங்காக்களில் டிக்கெட் கிடையாதே. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கும் யாரும் டிக்கெட் எடுப்பதில்லை, அது பாழாகவும் போகவில்லை. சிறப்பு வசதிக்கு வேண்டுமானால் கட்டணம் வைக்கலாம். மரத்தடியில் உட்கார்வது சிறப்பு வசதி இல்லை.

இன்னொரு விஷயம், வாசல். கிண்டியில் புறநகர் ரயிலும் மெட்ரோவும் இருக்கு. ஸ்டேஷனில் இறங்குகிறவர் ரோட்டைக் கடக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடாமல், நடந்தே உள்ளே போக வழி வேண்டும். கார் பார்க்கிங் எத்தனை ஏக்கர் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். பெண்களுக்குப் பூட்டாத கழிப்பறை, வீல்சேருக்குச் சரிவுப் பாதை ஆகியவற்றுக்கும் முதல் வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு ஒட்டவைத்தால் எப்படி இருக்கும் என்று நம் பஸ் ஸ்டாண்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

அந்த வரைபடத்தை டெண்டர் விடுவதற்கு முன்பே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், தமிழில். வேளச்சேரி, கிண்டி, ஆதம்பாக்கம் குடியிருப்போரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும். தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், எந்தப் பக்கம் ஓடும் என்பதை ஃபைவ் பர்லாங் ரோட்டுக்காரர்கள் விரலாலேயே கோடு போட்டுக் காட்டுவார்கள்.