கொசுவை விரட்டும் செலவு யாருடையது?

விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குள் போகும் தோழர், தோழியரின் இடுப்பைக் கவனித்தால் ஒரு பொருள் தவறாமல் கண்ணில் படும். கம்பியில் மாட்டியோ, துளையிட்ட தகரத்தில் வைத்தோ, புகைந்து கொண்டிருக்கும் கொசுவத்திச் சுருள் அது. இக்காட்சி நமக்குப் பழகிப் போய்விட்டது. பழகிப் போனதாலேயே, அந்தச் சுருளை வாங்கியது யார், அது போதுமா என்ற இரண்டு கேள்விகளையும் நாம் கேட்காமல் விட்டு விட்டோம்.

"கொசுக்கடியெல்லாம் ஒரு சங்க விவகாரமா? சம்பளத்தைப் பேசுங்கள், வீட்டைப் பேசுங்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். கொசுக்கடியும் சம்பள விவகாரந்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பால்வெட்டுத் தொழிலின் தன்மையைப் பார்ப்போம். வெயில் ஏறுமுன், குளிர்ச்சியாக இருக்கும் வேளையில்தான் பால் நன்றாக இறங்கும். ஆகவே இருட்டோடு இருட்டாகவே காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. நிழலும் ஈரமும் காற்றோட்டமின்மையும் நிறைந்த இடம் அது. வெட்டுவோர் மரத்துக்கு மரம் நிற்கிறார்கள். தாழ்ந்த வெட்டுக்குக் குனிகிறார்கள். இரண்டு கையும் உளியில் இருக்கிறது. கணுக்காலில் கொசு உட்கார்ந்தால் தட்டுவதற்குக் கை இல்லை. தட்டினால் உளி சறுக்கும். உளி சறுக்கினால் பட்டைக்குள் காயம் விழும். மரத்தில் காயம் விழுந்தால் யாரைக் கேட்பார்கள் என்பதை வெட்டுக்காட்டுத் தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அங்கே கடிப்பதும் சாதாரணக் கொசு அன்று. கறுத்த உடலில் வெள்ளைக் கோடிட்ட ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் கொசு, பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் மும்முரமாகக் கடிக்கும் இனம். டிங்கிக் காய்ச்சலைப் பரப்ப வல்லது. டிங்கி அதிகமாகப் பதிவாகும் மாநிலமாகப் பல ஆண்டுகளாக நம் சிலாங்கூர் இருந்து வருகிறது.

இரண்டாவது அபாயம் குரங்கு மலேரியா. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியாவில் உள்நாட்டில் தொற்றியவர் ஒருவரும் இல்லை என்ற நிலையை மலேசியா 2018இல் எட்டியது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் குரங்கின் இரத்தத்தில் வாழும் நோலெசி என்னும் கிருமி, கொசு வழியாக மனிதருக்குத் தொற்றுவது நின்றபாடில்லை. இயற்கையாக அது மனிதரைத் தொற்றியது முதன்முதலாக 1965இல், பகாங் காட்டுக்குப் போய் வந்த ஒருவரிடம் அறியப்பட்டது. 2004இல் சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பலருக்கு இருப்பது வெளியாயிற்று. ரவாங்குக்கு வடக்கே உலு சிலாங்கூரில் நடந்த ஆய்விலோ, அனோபிலஸ் இன்ட்ரொலாட்டஸ் என்னும் கொசு அதைச் சுமப்பது தெரிய வந்தது. காட்டோரத்தில் வேலை செய்வோர் இதை அறிந்திருக்க வேண்டும். இக்கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது. காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுப் படுத்து விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், காட்டு வேலை செய்பவர் என்பதைச் சொல்லி, இரத்தச் சோதனை கேட்பது அவசியம்.

சரி, இதற்கு யார் பொறுப்பு? இங்கே நம் சரித்திரமே சாட்சி சொல்கிறது.

மலேரியாவைக் கொசு சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டு சொன்னார். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவை இம்மண்ணில் செயலாக்கினார். கிள்ளானிலும், அதே ஆண்டு திறக்கப்பட்டுக் காய்ச்சலால் கதி கலங்கிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், சதுப்பு நிலத்து நீர் வடிக்கப்பட்டது, காய்ச்சல் தணிந்தது. பின்னர் தோட்டங்களுக்கும் இம்முறை வந்தது. மேட்டு நிலத்தில் காட்டை வெட்டி வெயில் படச் செய்தால், தெளிந்த ஓடைகளில் வேறொரு கொசு பெருகுவதைக் கண்டு, நிலத்தடிக் குழாய்களும், நீரில் எண்ணெய் தெளிப்பும் கையாளப்பட்டன.

அந்தச் செலவை நம் பாட்டன் பூட்டன் தலையில் யாரும் கட்டவில்லை. கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் மாண்டு, மரம் வெட்ட ஆளில்லாமற் போன பிறகுதான் முதலாளிமார் மனம் இறங்கினார்கள் என்பது உண்மை. எனினும், தோட்டத்துக் கொசு தோட்டத்தின் செலவு என்ற நியதி அன்றே ஏற்பட்டு விட்டது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே ஒப்புக் கொள்ளப்பட்ட ஒன்று, இன்று எப்படித் தொழிலாளியின் சொந்தச் செலவாயிற்று?

நான் கிராணி வேலை பார்ப்பவன். ஸ்டோர்க் கணக்கு என் கையில் ஓடுகிறது. உரத்துக்கு வரி உண்டு. பூச்சி மருந்துக்கு உண்டு. பால் உறையவைக்கும் திராவகத்துக்கு உண்டு. மரத்தைக் கடிக்கும் பூச்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது. மனிதரைக் கடிக்கும் பூச்சிக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

சுருள் மலிவுதானே என்பார்கள். மலிவு ஒன்று, நலம் வேறொன்று. மலேசியச் சுருள்களையும் சீனச் சுருள்களையும் சோதித்து 2003இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து தீர்வதில் கிளம்பும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வரையில் கிளப்பும் அளவுக்குச் சமம் என்று கணக்கிட்டது. காட்டில் காற்று கொஞ்சம் கலைத்து விடும், மெய்தான். ஆனால் காற்று வீசினால் புகை கொசுவை விட்டு விலகுகிறது. காற்று நின்றால் குனிந்து வெட்டுபவரின் மூக்குக்கே வருகிறது.

உடம்பில் பூசும் மருந்தோ நெடுநேரம் காக்கிறது. 2002இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த சோதனையில், சுமார் 24 விழுக்காடு டீட் கலந்த மருந்து சராசரி ஐந்து மணி நேரம் கொசுவைத் தடுத்தது. செராய் இனத்துப் புல்லிலிருந்து எடுக்கும் சிட்ரொனெல்லா எண்ணெய் வகைகள் 20 நிமிடங்கூடத் தாங்கவில்லை. வியர்வையும் மழையும் மருந்தைக் கரைக்குமாதலால் இடையில் மறுபடி பூச வேண்டும். கண், வாய், புண் ஆகியவற்றில் படக்கூடாது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முழுக்கைச் சட்டையும், கால்சட்டை நுனியை உள்ளே செருகிய நீண்ட காலுறையும் சேர்ந்தால் பாதுகாப்பு இன்னும் பலப்படும்.

இவற்றை நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்திலும் ஆதாரம் உண்டு. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இயன்றவரை தொழிலாளியின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. அச்சட்டத்தின்படி கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. மாதம் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் நடப்புக்கு வந்தது. அந்தச் சம்பளத்திலிருந்து வாராவாரம் சுருளுக்கு எடுத்து வைப்பது, சுற்றி வளைத்துச் செய்யும் சம்பள வெட்டுத்தான்.

நம் பங்கும் உண்டு. வெட்டு நிறுத்திய மரங்களில் நிமிர்ந்து கிடக்கும் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். மழைநீர் தேங்கிய ஒரு மங்கு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுக்களைப் பறக்க விட்டுவிடும். கொடுத்த உறையையும் மருந்தையும் வீட்டில் பூட்டி வைக்காமல் பயன்படுத்துங்கள். அதுவும் அதே சட்டம் நமக்கு விதிக்கும் கடமை.

ரவாங்கைச் சுற்றி ரப்பர்க் காடுகள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டன. ஆனால் செம்பனை நிழலிலும் கொசு உண்டு. பக்கத்து நிரையில் நிற்கும் இந்தோனேசியரையும் வங்காளதேசியையும் அது கடப்பிதழ் பார்த்துக் கடிப்பதில்லை. ஆகவே கோரிக்கை வைக்கும்போது எல்லாருக்குமாக வைப்போம்.

கிளைச் சங்கத் தோழர்களே! அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் மூன்றே மூன்றைக் கேளுங்கள். வெளிவேலை செய்வோர் அனைவருக்கும் மாதந்தோறும் பூச்சு மருந்து, ஆண்டுதோறும் முழுக்கைச் சட்டையும் காலுறையும், மங்கு கவிழ்க்கவும் வடிகால் துப்புரவுக்கும் சம்பளத்தோடு கூடிய நேரம். கேட்டதையும் கிடைத்த பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். வாயால் சொன்ன வாக்குறுதி காற்றோடு போகும். குறிப்பில் ஏறியதை அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுத்துக் கேட்கலாம்.