வாயில் உண்டு, வீடு இல்லை!

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ஒரு வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் மாபெரும் படத்தொழிற்கூடத்தில் எஞ்சியது அவ்வளவே. படப்பிடிப்புத் தளங்கள் மறைந்தன; மனைகள் விலை போயின; வீடுகள் முளைத்தன. அந்த வளைவு நிற்கும் மண் எவருடையது என்றும் சில ஆண்டுகளுக்கு முன் வழக்காடினர்!

சாரத்தில் அமர்ந்து சேலத்து வளைவுக்கு ஏன் வாதாடுகிறோம்? புதுவை பெற்ற பாவேந்தர் பாரதிதாசனாரின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் 'பொன்முடி'யாகப் படமானது அக்கூடத்தில்தான். 1952இல் 'வளையாபதி'க்கு அவர் உரையாடல் தீட்டியதும் அக்கூடத்திற்கே.

1935இல் டி. ஆர். சுந்தரம் நிறுவிய கூடம் அது. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஈன்றது. மலையாளத்தின் முதல் பேசும் படமாம் 'பாலன்' 1938இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. முதற்படம் எது தெரியுமா, தோழர்களே? 1937இல் 'சதி அகல்யா'! கல்லான அகலிகையின் கதையில் தொடங்கிய கூடம், பதின்மூன்றே ஆண்டுகளில் 'மந்திரி குமாரி'யைத் தந்தது. அரசனையே ஆட்டிப்படைத்த ராஜகுருவின் சூழ்ச்சியைக் கலைஞரின் எழுதுகோல் சந்திக்கு இழுத்தது. புராணம் புகுந்த வாயில் வழியே பகுத்தறிவும் புகுந்தது. அந்த வாயில்தான் இன்று நிற்கிறது.

"பழமையைச் சாடும் நீங்கள் பழங்கட்டடத்திற்குப் பரிவதா?" என்பர் சிலர். நாம் சாடுவது, மனிதனை மனிதன் தாழ்த்திய பழமையை. படக்கொட்டகை செய்த வேலை வேறு. தமிழர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் அதுவே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். அங்கே இருக்கையை முடிவு செய்தது சாதியன்று, காசு. அதுவும் ஏற்றத்தாழ்வே, மறுக்கவில்லை. ஆயினும், காசு கொடுத்தவனைக் குலம் கேட்டு எழுப்ப முடியாத இடம், கோயில் கதவு அடைத்துக்கிடந்த நாட்டில் சிறு பேறா?

முடியாத செயலா இது? சென்னையில் 1913இல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர், அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் இன்னும் நிற்கிறது. படம் நின்று நூறாண்டு கடந்தும் அஞ்சல்தலைகளைக் காட்சிக்கு வைக்கும் இடமாகப் பயன்படுகிறது. 2014இல் மழையில் இடிந்து வீழ்ந்த புதுவை மேரி கட்டடத்தைப் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினர். நன்று! பிரெஞ்சுத் துரைமார் அமர்ந்த மாளிகைக்குக் காட்டிய அக்கறையில் கால் பங்கேனும், உழைப்பாளி தரையில் அமர்ந்து படம் பார்த்த கொட்டகைக்கு உண்டா?

நகர் புத்துயிர் பெறுகிறதாம்! எவர் நினைவைக் கொன்று, எவருக்கு உயிர்?

வளைவுக்கு மாலை சூட்டுவதும், பக்கத்தில் சிலை வைப்பதும், படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் நமக்கு வேண்டாம்; கற்பூரம் ஒன்றுதான் அங்கே குறை! வேண்டுவது, அக்கூடத்தின் ஒளிப்படங்களும் உரையாடல் ஏடுகளும் கருவிகளும் வைத்த ஒரு காட்சியகம். தொழிலாளர் பெயர்களும் அங்கே பொறிக்கப்படட்டும். புதுவையிலோ, சாரத்து இளைஞர்கள் நகரில் எஞ்சியுள்ள பழைய படக்கொட்டகைகளை எண்ணிப் பட்டியலிட்டு, இடிக்கும் ஆள் வருமுன் அரசின் மேசையில் வைக்கட்டும்.