மலைச் சைக்கிளும் ஆளின் அளவும்

உடலை அளந்து சட்டை தைத்துக்கொள்ளும் நாம், சைக்கிளை மட்டும் அளவு பாராமல் வாங்கிவிடுகிறோம். "வளருகிற பிள்ளைதானே, பெரியதாகவே இருக்கட்டும்" என்பது பெற்றோர் பலருடைய சித்தாந்தம். சமதரையில் குரங்குப் பெடல் போட்டாவது இந்தச் சிக்கனத்தைச் சமாளித்துவிடலாம். கல்லும் சரிவும் நிறைந்த மலைப்பாதையிலோ அது எலும்பை முறிக்கும் சிக்கனமாகும்.

மலைச் சைக்கிள் அமெரிக்காவில் பிறந்தது. 1970-களில் கலிபோர்னியா மாகாணத்துத் தமால்பைஸ் மலைச்சரிவுகளில் இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களில் இறங்கி விளையாடினர். சாதாரண வண்டிகள் அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை. 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனிப் பிரேம் அமைத்தார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இப்பந்தயம் இடம்பெற்றது.

பிரேமைத் தேர்வதில் முதலில் நோக்க வேண்டியது உயரம். பாதரட்சையுடன் இரு புறமும் கால் ஊன்றி நின்றால், மேல் பாருக்கும் உடலுக்கும் இடையே 2 அங்குலமேனும் இருத்தல் அவசியம். ஆயினும் இது ஒன்றே போதாது. ஸீட்டை ஏற்றலாம், இறக்கலாம். பிரேமின் நீளத்தை மாற்ற இயலாது. ஆகவே பெடல்மீது எழுந்து நிற்கும்போது ஹாண்டில் பார் கைக்கு இதமாக எட்டுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். 'நடுத்தரம்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பலாகாது. கம்பெனிக்குக் கம்பெனி அதன் அளவு வேறுபடும்.

ஒருவருடைய உயரம் இரண்டு அளவுகளுக்கு நடுவே அமைந்தால் என் செய்வது? அப்போது திறமையே தீர்ப்புக் கூறும். சிறிய பிரேம் சொன்னபடி திரும்பும். வேகத்தில் சற்றுத் தடுமாறும். நீண்ட பிரேம் செங்குத்தான இறக்கத்தில் நிலைகுலையாது. ஆனால் வளைவுகளில் உடலைச் சாய்த்து அதனை அடக்கியாளும் பயிற்சி வேண்டும். ஆகையால் புதிதாய்ப் பழகுவோர் சிறியதையும், வேகமாக இறங்கும் வித்தை கைவந்தோர் பெரியதையும் நாடுவது பொருத்தம். தாவிக் குதித்து வேடிக்கை காட்டுவோர் மட்டும், எவ்வளவு தேர்ந்தவராயினும், சிறியதையே விரும்புவர்.

பிள்ளைகள் அனைவரும் புதிதாய்ப் பழகுவோரே. ஆதலால் நாளை வளரப்போகும் உயரத்தையன்று, இன்றுள்ள உயரத்தை அளந்து வாங்குங்கள். தரையில் கால் எட்டாத குழந்தைக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? சைக்கிள் சிறுத்துப்போனால் தம்பிக்கோ தங்கைக்கோ ஆகும். விழுந்து பயந்த பிள்ளை மறுபடி சைக்கிள் ஏற வெகு நாளாகும்.